மதுரையில் நன்றாக இழுக்கும் பழைய டீசல் வேன், கொடைக்கானல் ஏறும்போது ஏன் திணறிக் கரும்புகை கக்குகிறது?

ஏற்றம் ஒரு காரணம், சரி. ஆனால் புகைக்குக் காரணம் காற்று. மதுரை கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குச் சற்று மேலே. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பழைய எஞ்சினின் டீசல் பம்புக்கு இதெல்லாம் தெரியாது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால், அடிவாரத்து வத்தலக்குண்டில் பீய்ச்சிய அதே அளவு டீசலைத்தான் மேலே பெருமாள்மலையிலும் பீய்ச்சும். எரிக்கக் காற்று போதாமல், அரைகுறையாக எரிந்தது கரியாக வெளியே வருகிறது. அதற்கு மேலும் அழுத்தினால் புகை கூடுமே தவிர இழுவை கூடாது. கியரைக் குறைத்து, மிதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சில மெக்கானிக்குகள் 'பம்பில் டீசலைக் கூட்டி வைக்கிறேன்' என்பார்கள். மலைக்கு அது நேரெதிர் வைத்தியம். ஏர் ஃபில்டரை மாற்றினாலாவது பலன் உண்டு.

டர்போ வண்டியில் டர்பைன் கூடுதல் வேகத்தில் சுற்றி, குறையைப் பெருமளவு ஈடுகட்டும். கணினி கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரயில் எஞ்சின் என்றால் சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்து டீசலையும் அளந்து விடும். ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) விழுந்துவிட்டால் டர்போ எழும்பச் சற்று நேரமாகும்.

அப்புறம், அங்கே காலைக் குளிரில் டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு (எஞ்சினுக்குள் சூடேறுவதைக் காட்டுவது) அணைந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள்.