காசநோய் மாத்திரை, மூட்டுவலி, பி-காம்ப்ளெக்ஸ்

கேள்வி: வயது 42, எடை 54 கிலோ. நுரையீரல் காசநோய்க்கு ஆறு வாரமாகத் தினமும் நான்கு கூட்டு மாத்திரை சாப்பிடுகிறேன். தோளும் முழங்காலும் வலிக்கின்றன. யூரிக் அமிலம் 9.1. அதிலுள்ள பைரசினமைடு என்ற மருந்து வைட்டமின் பி3 மாதிரியானது என்று படித்தேன். பி-காம்ப்ளெக்ஸ் போட்டால் மருந்து வேலை செய்யாமல் போகுமா?

பதில்: வழக்கமான அளவு பி-காம்ப்ளெக்ஸுக்குப் பயப்பட வேண்டாம். நீங்கள் படித்தது சரிதான். பி3-இன் ஒரு வடிவமான நிக்கோட்டினமைடும் பைரசினமைடும் அமைப்பில் மிக நெருக்கமானவை. செல்லின் ஆற்றல் வேலைக்குத் தேவையான என்ஏடி என்ற மூலக்கூறு உடைந்தால் மிஞ்சும் நிக்கோட்டினமைடை மறுபடி பயன்படுத்த, காசநோய்க் கிருமி நிக்கோட்டினமிடேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது. பைரசினமைடு உள்ளே போனதும் அதே நொதி அதைப் பைரசினாயிக் அமிலமாக்கிவிடும். கிருமியைத் தாக்குவது அந்த அமிலம்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த நொதி இல்லாமலும் கிருமியால் பிழைக்க முடியும். என்ஏடி-யைப் புதிதாகவே தயாரித்துக்கொள்ளும். அதனால் இந்த நொதியை உருவாக்கும் pncA எனப்படும் மரபணு பழுதானால் கிருமிக்கு நஷ்டமில்லை, மருந்துதான் பலிக்காது. 186 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த நொதியில் பழுது எங்கு வேண்டுமானாலும் வரலாம். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் வழக்கமான சிபிநாட் சோதனை, கூட்டு மாத்திரையிலுள்ள இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்பதையே காட்டும். பைரசினமைடு எதிர்ப்பைக் கண்டறிய pncA மரபணு வரிசை பார்க்க வேண்டும். மாட்டுக் காசநோய்க் கிருமிக்கு 57-ஆவது அமினோ அமிலமே மாறியிருப்பதால் பைரசினமைடு தொடக்கத்திலிருந்தே பலிக்காது. காய்ச்சாத பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி வலி. நான்கு மாத்திரையில் 1600 மி.கி. பைரசினமைடு இருக்கிறது. நம் கல்லீரலும் அதைப் பைரசினாயிக் அமிலமாக்கும். அது யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் போகவிடாமல் சிறுநீரகத்தில் தடுத்துவிடும். வெறும் வலிக்காக மருந்தை நிறுத்தாதீர்கள். மருத்துவர் தரும் வலி மாத்திரை போதும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மாதத்தோடு பைரசினமைடு முடியும், யூரிக் அமிலமும் தானே இறங்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபூரினால் என்ற மாத்திரையை நீங்களாகப் போடக்கூடாது: பைரசினாயிக் அமிலத்தை அகற்றும் நொதியையே அது முடக்குகிறது. மூட்டு சிவந்து வீங்கிச் சுட்டால் உடனே காட்டுங்கள்.

கை கால் மரத்துப்போவது கூட்டு மாத்திரையிலுள்ள ஐசோநியாசிட் என்ற மருந்தின் வேலை; அதற்குத் தினமும் 10 முதல் 25 மி.கி. பைரிடாக்சின் (பி6) தேவை. பி-காம்ப்ளெக்ஸ் அட்டையில் அது எத்தனை மி.கி. என்று பாருங்கள். நூற்றுக்கணக்கான மி.கி. நியாசின் (பி3-இன் இன்னொரு வடிவம்) வேண்டாம்; அதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றும், கல்லீரலையும் சோதிக்கும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினால், பயமில்லை. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.