மாயர் நகரங்களில் எதைப் பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வாற மாசியில் நானும் இவரும் டொரொன்டோவில் இருக்கிற மகளிடம் போகிறோம். மருமகன் எல்லாரையும் ஒரு கிழமை மெக்சிகோவுக்குக் கூட்டிப்போக, கான்கூன் என்ற கடற்கரை ஊரில் ஹோட்டல் எடுத்துவிட்டார். பக்கத்தில் மாயர் என்ற அந்தப் பக்கத்துப் பழைய சனம் கட்டிய நகரங்கள் இருக்காம், அதற்கு 2 நாள் ஒதுக்கலாமாம். சிச்சென் இட்சா, துலும், கோபா, உஷ்மல் என்று நாலு பெயர் சொல்கிறார். எதைப் பார்ப்பது, எதை விடுவது? இவருக்கு முழங்கால் வருத்தம். நாங்கள் வயல் செய்கிற ஆட்கள், சரித்திரம் பெரிதாகப் படித்ததில்லை.
– ஒரு வாசகி, விசுவமடு

பதில்: வயல் செய்கிற ஆட்கள் என்று எழுதினீர்களே தங்கச்சி, அதனால்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். நான் 31 வருடம் நீர்ப்பாசன வேலையில் குளக்கட்டு, துருசு, வாய்க்கால் என்று அலைந்தவன். 2018இல் மகன் கூட்டிப்போனபோது இந்த நாலு இடத்தையும் பார்த்தேன். சிச்சென் இட்சாவுக்கும் உஷ்மலுக்கும் போங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் உஷ்மலுக்குப் போங்கள்.

காரணம் தண்ணீர்தான். இந்த நாலு ஊரும் இருக்கிற யுகட்டான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மேலே ஆறு கிடையாது, பெய்கிற மழையெல்லாம் கல்லுக்குள் இறங்கிவிடும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போல நிலத்தடிக் குகையின் கூரை இடிந்து தண்ணீர் தெரிகிற பள்ளங்கள் அங்கே நிறைய உண்டு. செனோத்தே என்பார்கள். சிச்சென் இட்சா என்ற பெயருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்றுதான் கருத்து. அங்கே இருக்கிற பெரிய செனோத்தே ஏறக்குறைய 60 மீற்றர் அகலம். விளிம்பில் நின்று பச்சைத் தண்ணீரை எட்டிப் பார்த்தால் நிலாவரை சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும்.

உஷ்மல் இருக்கிற மேட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு கிணறும் இல்லை. நிலத்தடி நீர் எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. அப்படியிருந்தும் ஆயிரம் வருடத்துக்கு முன்னர் ஆயிரக்கணக்கான சனம் அங்கே சீவித்திருக்கிறது. எப்படி? சுல்தூன் என்று நிலத்துக்குள் போத்தல் வடிவில் குடைந்தார்கள். வாய் ஒடுக்கம், வயிறு அகலம், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. மாரியில் பிடித்த மழைத்தண்ணீரைக் கோடை முழுக்க வைத்துக் குடித்தார்கள். ஒன்றின் வாயருகே நான் குந்தியிருந்து பார்த்தேன். சுற்றியிருக்கிற தளம் நாலா பக்கத்திலிருந்தும் வாயை நோக்கி மெல்லச் சரிந்து வந்தது, கண்ணாலேயே மட்டம் பிடிக்கலாம். உள்ளே இருட்டு, ஒரு ஈர மணம். மகன் இரண்டு தரம் கூப்பிட்டும் நான் எழும்பவில்லை. அந்தச் சரிவை வைத்தவன் எங்கள் ஆள் என்று மனம் சொன்னது.

அதைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் சுவர் முழுக்க மழைத்தெய்வம் சாக். வளைந்த நீள மூக்கு, உருண்டைக் கண். கண் வேறு கல், மூக்கு வேறு கல், பல்லு வேறு கல். ஒவ்வொன்றாகச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். மூலைக்கு மூலை அதே முகம். ஐப்பசி பிறந்தும் மழை காணாமல் விதைத்த நெல்லைப் பார்த்துக்கொண்டு அம்மனுக்கு நேர்த்தி வைத்த சனம் நாங்கள். இவ்வளவு முகம் ஏன் என்று எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

அங்கே மந்திரவாதி பிரமிட் என்று ஒன்று, சுமார் 35 மீற்றர் உயரம், மூலைகள் உருண்டவை. அதில் ஏற விடமாட்டார்கள், ஆகவே முழங்காலுக்குக் கவலை இல்லை. ஆளுநர் மாளிகை ஏறக்குறைய 100 மீற்றர் நீளம். அது மேடைக்கு மேலே இருக்கிறது, கொஞ்சப் படி உண்டு. ஆறுதலாக ஏறச் சொல்லுங்கள், முடியாவிட்டால் கீழே மரநிழலில் இருக்கட்டும்.

சிச்சென் இட்சா நிலம் சமதரை, இவருக்கு நல்லது. குகுல்கான் பிரமிட்டுக்கு நாலு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, உச்சித்தளத்தையும் சேர்த்தால் 365. வருடத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள். பங்குனியிலும் புரட்டாதியிலும் பகலும் இரவும் சமமாகிற நாட்களில் படிக்கட்டு ஓரமாகப் பாம்பு இறங்குவது போல நிழல் விழும். மாசியில் அது கிடைக்காது. 168 மீற்றர் நீளப் பந்து மைதானத்தைத் தவறவிடாதீர்கள்.

ஆனால் பயண நிறுவன பஸ்ஸில் மட்டும் போகாதீர்கள். நான் முதல்தரம் அப்படித்தான் போனேன். காலை 7 மணிக்கு ஏற்றினார்கள். வழியில் இரண்டு கடையில் இறக்கி, சாமான் வாங்கும்வரை காத்து நின்று, பகல் 1 மணி வெயிலில் கொண்டுபோய்விட்டு, ஒரு மணித்தியாலம்தான் தருவோம் என்றார்கள். செனோத்தேக்கு ஓடிப்போய் ஓடிவந்தேன். காசு போனதைவிட அந்த ஓட்டம்தான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. மருமகனை ஒரு கார் எடுக்கச் சொல்லுங்கள். முதல்நாள் பின்னேரமே வயதோலிட் என்ற ஊருக்குப் போய்ப் படுத்தால் மறுநாள் காலை 8 மணிக்கு வாசல் திறக்கும்போது நிற்கலாம். கான்கூனிலிருந்து அந்தப் பக்கம் போகையில் நேரம் ஒரு மணி பின்னுக்குப் போகும், அதுவும் உங்களுக்கு இலாபம். மத்தியானத்துக்கு முன்னர் முடித்து, மெரிடாவில் இரவு தங்கி, அடுத்தநாள் காலை உஷ்மல். அங்கிருந்து கான்கூனுக்குத் திரும்ப ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. பேரப்பிள்ளை கைக்குழந்தை என்றால் மகள் ஹோட்டலில் நிற்பது நல்லது.

துலும் கடலோரப் பாறைமேல் மதில் கட்டிய ஊர். படம் எடுக்க அழகு, கட்டடங்கள் சின்னன். கோபாவில் 42 மீற்றர் உயரப் பிரமிட்டும், காட்டுக்குள்ளால் 100 கிலோமீற்றர் அளவு நீளமான வெள்ளைக்கல் றோட்டும் உண்டு. வண்டியும் மாடும் இல்லாத சனம் போட்ட றோட்டு. எனக்கு அது பிடித்தது, ஆனால் நடை கூட. இந்த முறை விடுங்கள்.

ரிக்கெற் எடுக்க முதல் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோவில் என்ன கேட்கிறார்கள் என்று அவர்களின் தூதரகத்தில் விசாரியுங்கள். கனடாவுக்குத் திரும்பி நுழைய உங்கள் விசா பலதடவை நுழையும் விசாவாக இருக்கவேண்டும்.

கேள்வி: மாயர் என்பவர்கள் எங்கள் மயன் வழிவந்த தமிழர் என்று யூடியூப்பில் சொல்கிறார்களே?
– ஒரு மாணவன், வவுனியா

பதில்: இல்லை தம்பி. பெயர் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அவர்களின் எழுத்தைப் பெரும்பாலும் வாசித்துவிட்டார்கள். அரசர் பெயர், பட்டமேற்ற நாள், போர் எல்லாம் அவர்களின் மொழியிலேயே கல்லில் இருக்கிறது. அந்த மொழிகளை இன்றைக்கும் இலட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள். அவர்கள் கட்டியதை அவர்களுக்கே விட்டுக்கொடுப்போம். எங்கள் முன்னோர் கட்டிய குளத்தை வேறு ஆட்கள் கட்டியது என்று ஒருவன் சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து தனியே போக இருக்கிறேன், நேரம் தாராளம், காலும் திடம். குவாத்தமாலாவில் திக்கால், மெக்சிகோவில் பலெங்கே. எது?
– வாசகர், மல்லாவி

பதில்: பலெங்கேக்குப் போயிருக்கிறேன். ஊருக்குள்ளால் ஓடுகிற ஆற்றைக் கல்லால் மூடி, நிலத்துக்குக் கீழே விட்டிருக்கிறார்கள். 683இல் இறந்த பக்கால் என்ற அரசனின் கல்லறையைப் பிரமிட்டின் அடியில் 1952இல் கண்டெடுத்தார்கள். ஆனாலும் உங்களைத் திக்காலுக்குத்தான் அனுப்புவேன், நானும் போகவேண்டும் என்று வைத்திருக்கிற இடம் அதுதான். ஆறில்லாத காட்டில் மழையை மட்டும் நம்பிக் குளம் கட்டி வாழ்ந்த நகரம். முற்றங்களையே குளத்துப் பக்கம் சரித்துக் கட்டினார்கள். ஒரு குளக்கட்டு சுமார் 10 மீற்றர் உயரம், 80 மீற்றர் நீளம். அதற்கு மேலால்தான் நடைபாதை. வவுனிக்குளக் கட்டில் சைக்கிள் ஓடி வளர்ந்த உங்களுக்கு அந்த இடத்தில் கால் தானாக நிற்கும். ஒரு குளத்தில் தண்ணீரை வடிகட்டிச் சுத்தமாக்கத் தூரத்திலிருந்து கொண்டுவந்த ஒருவகைக் கனிமத்தைப் போட்டிருந்தார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இன்னொன்று. திக்கால் இருக்கிற குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 2 இலட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ போனார்கள் என்று உண்மை அறியும் ஆணைக்குழு கணக்கிட்டது, மிகப்பெரும்பாலானோர் மாயர். வழிகாட்டியாக வருகிறவர் மாயராக இருந்தால், கோயிலைப்பற்றிக் கேட்டு முடிந்தபிறகு அவரின் ஊரைப்பற்றியும் கேளுங்கள். உங்கள் ஊரையும் சொல்லுங்கள்.

புளோரஸ் வரை விமானம், பிறகு றோட்டால் ஒன்றரை மணித்தியாலம். ஒரு இரவாவது பூங்காவுக்குள் தங்குங்கள். நுளம்புக்குப் பூசுகிற எண்ணெய் ஒரு போத்தலும் நல்ல டோர்ச்சும் கொண்டுபோங்கள்.