அசதையோபிரின்: மூன்று வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள்

வணக்கம். குடல் அழற்சி நோய்க்கான ஸ்டீராய்டைக் குறைத்தாலே மலத்தில் ரத்தம் போகிறது, அசதையோபிரின் தொடங்கி மூன்று வாரமாகியும் பலனில்லை, நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அது நோயெதிர்ப்புச் சக்தியை அடக்கி, மெதுவாக வேலை செய்யும் மருந்து. பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். எனக்குப் பத்தாவது வாரத்தில்தான் நடு ராத்திரி எழுந்து கழிப்பறைக்கு ஓடுவது நின்றது.

ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளணுக்கள் சட்டென்று குறையலாம். இந்த மருந்தை உடல் தாங்குமா என்று பார்க்கும் என்யுடிடி15 (NUDT15) மரபணுச் சோதனை எடுத்தாயிற்றா? வெள்ளணுக்களைச் சட்டென்று குறைக்கும் அந்த மரபணு மாறுபாடு ஆசியர்களிடம் அதிகம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால் சாப்பிடுகிறீர்களா? இரண்டும் சேர்ந்தால் ஆபத்து, கட்டாயம் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தப்போக்கு கூடினால் மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.