முதலில் மேசையை அளந்து பாருங்கள்: விளையாட்டு மானிட்டர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 24 அங்குலம், 27 அங்குலம் இரண்டுமே 1080பி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியதையே வாங்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி, 24 வாங்குங்கள். 1080பி என்றால் 1920 × 1080, ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள். திரை பெரிதானால் புள்ளிகள் கூடுவதில்லை, அதே 21 லட்சமும் அகலமாகப் பரப்பப்படுகின்றன. 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் இருக்கும். 27 அங்குலத்தில் அது 82 ஆகிவிடும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் எழுத்துகளின் ஓரம் படிக்கட்டுப் போலத் தெரியத் தொடங்கும். 27தான் வேண்டுமென்றால் 1440பிக்கு (2560 × 1440) போங்கள், அதில் 109 புள்ளிகள். 32 அங்குலத்தில் 1440பி வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதன் அடர்த்தி 24 அங்குல 1080பிக்குச் சமம்தான்.

கடைக்குப் போகும் முன் பழைய நாளிதழை 60 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, திரை வரப்போகும் இடத்தில் ஒட்டிவிட்டு எதிரே உட்காருங்கள். 27 அங்குலம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் புரியும். விளம்பரப் படத்தில் அது தெரியாது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. 4கே மானிட்டர் வாங்கினால் பல வருடங்களுக்குக் கவலை இல்லை என்கிறார்கள். சரியா?

விளையாட மட்டும் என்றால் நான் அதைச் சொல்லமாட்டேன். 4கேயில் (3840 × 2160) 83 லட்சம் புள்ளிகள், 1080பியைப் போலச் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு சட்டகத்துக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், அத்தனையையும் உங்கள் கார்டு வரைந்தாக வேண்டும். 1440பியில் 37 லட்சம்தான். 3060க்கு அதுதான் தாங்கும் சுமை. 4கே வாங்கிவிட்டு விளையாட்டை 1440பிக்கு இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியாக நீள வேண்டியிருப்பதால் படம் சற்று மங்கும். டிஎல்எஸ்எஸ் போன்ற வசதிகள் குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டி இதை ஓரளவு சரிக்கட்டும், ஆனால் எல்லா விளையாட்டிலும் அந்த வசதி இருக்காது.

கேள்வி: வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை மட்டுமே விளையாடுகிறேன். 144 ஹெர்ட்ஸா, 240 ஹெர்ட்ஸா?

ஹெர்ட்ஸ் என்றால் திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்ற எண். கணக்கைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மாற 16.7 மில்லி விநாடி ஆகும். 144இல் 6.9, 240இல் 4.2. அதாவது 60இலிருந்து 144க்கு வரும்போது கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம். அங்கிருந்து 240க்குப் போனால் மூன்று கூட இல்லை. முதல் தாவலை யாரும் உணர்வார்கள், இரண்டாவதைப் பழகிய கண்தான் உணரும். வேலரன்ட் இலகுவான விளையாட்டு. உங்கள் கணினி ஏற்கெனவே விநாடிக்கு 240 சட்டகங்களுக்கு மேல், சண்டை நடக்கும் நேரத்திலும் விழாமல் தருகிறதா? தந்தால் 240 வாங்குங்கள். இல்லையென்றால் 144 போதும், மிச்சப் பணத்தைப் பிராசஸருக்கு வையுங்கள்.

கேள்வி: 165 ஹெர்ட்ஸ் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். என் சித்தி மகன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை எட்டு மாதம் 60இலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். போன பொங்கலுக்கு அவன் வீட்டில் மவுஸை வேகமாக வட்டம் சுற்றியபோது, அம்புக்குறிகள் இடைவெளி விட்டு விட்டுத் தெரிந்தன. எனக்குச் சந்தேகம் வந்தது. விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்தால் 60 என்று இருந்தது. 144 என்று மாற்றிவிட்டு மவுஸை அவன் கையில் கொடுத்தேன். அதே வட்டத்தில் அம்புகள் நெருக்கமாக, கோர்த்த மணிபோல வந்தன. பேசாமல் சுற்றிக்கொண்டே இருந்தான்.

அங்கே 165 என்ற எண்ணே வரவில்லையா? கேபிளைப் பாருங்கள். பல மானிட்டர்களில் முழு வேகம் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மட்டுமே கிடைக்கும், எச்டிஎம்ஐ துளையில் அதைவிடக் குறைவு. கேபிளின் மறுமுனை கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல.

கேள்வி: பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) விளையாட்டுக் கருவிக்கு 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் சரிவருமா?

வரும், ஆனால் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் பிஎஸ்5 போகாது. 1440பி வசதி 2022 செப்டம்பரில் வந்த அப்டேட்டில் சேர்ந்தது, ஆகவே மென்பொருள் புதியதாக இருக்கட்டும். சட்டக வேகத்துக்கு ஏற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வேண்டுமென்றால் மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 கட்டாயம்.

கேள்வி: ஐபிஎஸ், விஏ என்ற இரண்டு திரை வகைகளில் எது நல்லது?

இருட்டறையில் பேய்க்கதை விளையாட்டுகள் என்றால் விஏ, அதன் கருமை ஆழமானது. வேகமாகச் சுடும் விளையாட்டுகளுக்கு ஐபிஎஸ். மலிவான விஏக்களில் கரிய உருவங்கள் நகரும்போது பின்னால் நிழல் இழுபடும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன் 32 அங்குல வளைந்த திரை கேட்கிறான். அவன் மேசையின் ஆழம் 50 செ.மீ. படிப்புக்கும் அதே மேசைதான். வாங்கித் தரலாமா?

அம்மா, அந்த மேசைக்கு வேண்டாம். 32 அங்குலத் திரை ஏறத்தாழ 70 செ.மீ. அகலம். அதன் தாங்கியே மேசையில் பாதியை எடுத்துக்கொள்ளும். முகம் திரைக்கு மிக அருகில் வந்துவிடும், விளையாட்டில் திரையின் மூலையில் இருக்கும் வரைபடத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பான். பாடப்புத்தகம் வைக்கவும் இடம் இருக்காது. 24 அங்குலம், உயரம் மாற்றக்கூடிய தாங்கியோடு வாங்கிக் கொடுங்கள். அவன் 27 என்று இறங்கி வந்தால், பின்புறம் நான்கு திருகுத் துளைகள் உள்ள மாடலாகப் பார்த்து, மேசை விளிம்பில் பிடிக்கும் மானிட்டர் ஆர்ம் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். திரை சுவரோடு ஒட்டிப் பின்னால் போய்விடும், மேசையும் அவனுக்கே மிஞ்சும்.