பழைய ஆபீஸ் டெலிபோன் வீட்டுக்கு வந்தால்: வாசகர் கேள்வி-பதில்

ஆபீஸ் ஏலத்தில் 3 லைன், 8 எக்ஸ்டென்ஷன் உள்ள பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி (வெளி லைன்களையும் உள்ளே இருக்கும் போன்களையும் இணைக்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச்) வாங்கினேன். வீட்டில் லேண்ட்லைனே இல்லை. பயன்படுமா?

தாராளமாக. வெளி லைன் இல்லாவிட்டாலும் 8 போன்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். டயல் டோன், மணி எல்லாம் பெட்டியே தரும். ஒவ்வொரு போனுக்கும் பெட்டியிலிருந்து தனி ஜோடி ஒயர் போக வேண்டும். ஒரு போனிலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் ஆகிவிடும். இன்டர்நெட்டுக்கு வாங்கிய கேட்-5 கேபிள் மிச்சம் கிடந்தால் போதும். அதில் நான்கு ஜோடி உண்டு, மாடிக்கு ஒரே கேபிளில் நான்கு போன். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் நுழைக்காதீர்கள். இரைச்சல் ஒருபக்கம், ஆபத்து மறுபக்கம்.

கறுப்பு டயல் போனை ஃபைபர் மோடத்தில் மாட்டினேன். மணி அடிக்கிறது, பேசவும் முடிகிறது. நம்பர் சுற்றினால் மட்டும் போகவில்லை.

அனேகமாகப் போன் மேல் தப்பில்லை. டயல் திரும்பி வரும்போது லைனை விட்டுவிட்டுத் துண்டிக்கிறது: 5-க்கு ஐந்து முறை, 0-க்குப் பத்து முறை, நொடிக்குச் சுமார் 10 வீதம். இதுதான் பல்ஸ். பழைய எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணிக்கொண்டது. இன்றைய மோடம் பலவற்றுக்குப் பட்டன் போனின் டோன் மட்டும்தான் புரியும்.

இபிஏபிஎக்ஸ் வழியாகப் போகலாம் என்பார்கள். பெட்டியைப் பொறுத்தது அது. சில பெட்டிகள் நீங்கள் சுற்றியதை வாங்கி, டோனாக மாற்றி அனுப்பும். சிலது வெளி லைன் கேட்டு 0 சுற்றியதும் லைனை நேராக இணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்; அப்புறம் பழைய கதைதான். பல்ஸை டோனாக்கும் சின்னக் கன்வர்ட்டரும் உண்டு. காசு செலவழிக்க மனமில்லையா? அதே லைனில் ஒரு மலிவான பட்டன் போனையும் மாட்டி, அதில் டயல் செய்து, இதில் பேசுங்கள்.

எதற்கும் டயலையும் பாருங்கள். 0 சுற்றி விட்டால் ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலில் திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் அச்சில் ஊசி முனையால் ஒரு துளி கடிகார எண்ணெய். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் உரசும் பகுதியில் எண்ணெய் பட்டால் டயல் தறிகெட்டு ஓடும்.

மூன்று பழைய போன்களை ஒரே எக்ஸ்டென்ஷனில் இணைத்தேன். மணி முனகுகிறது.

முனகத்தான் செய்யும். அந்தச் சுருள் மணி எதிர்பார்ப்பது 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் ஏசி. சின்னப் பெட்டிகளுக்கு மூன்றை இழுக்கத் தெம்பில்லை. ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு போன் போதும். அப்படியும் சத்தம் குறைவென்றால், மணிக் கிண்ணத்தின் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்புங்கள். பல மாடல்களில் அதன் துளை நடுவில் இருக்காது. திருப்பத் திருப்பக் கிண்ணம் சுத்தியலுக்கு நெருங்கும், விலகும். முதலில் லைனைக் கழற்றிவிடுங்கள். கை உள்ளே இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் நன்றாகவே உதறும்.

டிஸ்ப்ளே, 24 பட்டன் உள்ள ஆபீஸ் போன் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். அது கீ போன். தனக்கான பெட்டியோடு மட்டும்தான் வேலை செய்யும். பெட்டியும் சேர்ந்து வந்தால் யோசிக்கலாம்.

எனக்கு நன்றாகக் கேட்கிறது, என் குரல்தான் அந்தப் பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதாம்.

கார்பன் மைக். உள்ளேயிருக்கும் கரித்துகள் வருஷக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்து கட்டிப்போயிருக்கும். ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகி எடுத்து, மைக்கை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி மாட்டிப் பாருங்கள். சரியாகாவிட்டால் மைக்கை மாற்ற வேண்டியதுதான். பழைய சாமான் கடையில் உடைந்த போன் ஒன்று வாங்கினால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.