வக்கீல் இல்லாத வழக்கு

கேள்வி: அமெரிக்காவில் என் தம்பியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இந்தியன் என்பதுதான் காரணம் என்று, வக்கீல் வைக்காமல் அவனே ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டான். விசாரணையே இல்லாமல் தள்ளுபடி! வக்கீல் இல்லாதவன் என்றால் அவ்வளவு இளக்காரமா?

– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: வக்கீல் இல்லாதவருக்கு அங்கே சலுகையே உண்டு. ஒரு கைதி தானே எழுதிய மனு 1972-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வக்கீல் எழுதும் மனுவிடம் காட்டும் கெடுபிடியை இதனிடம் காட்டக் கூடாது என்றார்கள். இங்கிலீஷ் தடுமாறலாம், சட்டப் பிரிவு மாறிப்போகலாம். ஆனால் என்ன நடந்தது என்பதை மனுதான் சொல்ல வேண்டும். நீதிபதி ஊகித்து எழுதிக்கொள்ள மாட்டார்.

'நான் இந்தியன், அதனால் நீக்கினார்கள்' என்பது உங்கள் தம்பியின் முடிவு. 'அதே தவறைச் செய்த வெள்ளைக்காரர் இன்னும் வேலையில் இருக்கிறார். மேனேஜர் என்னைப் பற்றி இன்ன நாளில் இப்படிச் சொன்னார்' என்றால் அது சம்பவம். 2009-ல் உச்ச நீதிமன்றம் தந்த இக்பால் தீர்ப்புக்குப் பிறகு, சம்பவம் இல்லாத வெறும் முடிவு செல்லாது. அதற்காக ஆதாரத்தை முதல் நாளே கொட்டவும் வேண்டாம். ஹங்கேரியில் பிறந்த 53 வயது ஊழியர் ஒருவர், தன்னை நீக்கிய கதையைத் தேதி, சம்பந்தப்பட்டவர்களின் வயது, நாடு சகிதம் எழுதியிருந்தார். கீழ்க் கோர்ட்டுகள் தள்ளிய அந்த வழக்குக்கு 2002-ல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக உயிர் கொடுத்தது.

கெடுவும் இருக்கிறது. முதலில், வேலையில் பாகுபாடு பற்றிய புகார்களைக் கவனிக்கும் இஇஓசி (EEOC) என்ற அரசு ஆணையத்தில் 180 நாளுக்குள் (பல மாநிலங்களில் 300) புகார். அது அனுமதிக் கடிதம் கொடுத்தபின் 90 நாளுக்குள் வழக்கு. தாண்டினால் எவ்வளவு நல்ல வழக்கும் பெரும்பாலும் நிற்காது.

இளக்காரம் என்றீர்களே, அது பொருந்தும் இடம் வேறு. 405 டாலர் கட்டணம் கட்ட வசதியில்லை என்று விலக்குக் கேட்டவரின் மனுவில் சாரமில்லை என்று நீதிபதிக்குப் பட்டால், முதலாளிக்குச் சம்மன் போகும் முன்பே தள்ளிவிடச் சட்டம் சொல்கிறது. பணம் கட்டியவருக்கு இந்தக் கட்டாயச் சல்லடை கிடையாது. இது நியாயமா என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

அதற்கு முன், உத்தரவின் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். திருத்திய மனுவுக்கு நாள் கொடுத்திருந்தால், யார், எப்போது, என்ன சொன்னார் என்று தம்பி எழுதட்டும். மனுவில் அரசியல் சாசன மேற்கோள்கள் இருந்தால், அவற்றை எடுத்துவிட்டாலே அதற்கு இடம் கிடைக்கும்.