தாத்தா மட்டும் நல்லவர்

அன்புள்ள ஐயா,

ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என் ஜெர்மானிய நண்பனுக்கு முப்பது வயது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த யூதப் பெண்ணின் முன்னால் அவன் வாயே திறப்பதில்லை. எதைப் பேசினாலும் தப்பாகிவிடுமோ என்று பயமாம். கொள்ளுத்தாத்தா காலத்துப் பாவத்தை இவன் ஏன் சுமக்க வேண்டும்? யூதர்கள் இனியாவது மன்னிக்கக் கூடாதா? காஸாவுக்குப் பிறகு கணக்கு நேராகிவிடவில்லையா?

க.

அன்புள்ள க.,

நண்பர்மேல் உங்களுக்கு இருக்கும் பரிவு பிடித்திருக்கிறது. கடைசிக் கேள்வி பிடிக்கவில்லை. காஸாவைப் பற்றிக் கோபப்படுங்கள், தாராளமாக. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ச் முகாமை அதில் கழித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். அப்புறம், மன்னிப்பு. கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேருடைய உரிமை அது. அதை உங்கள் அலுவலகத்துப் பெண்ணிடம் போய்க் கேட்பது என்ன நியாயம்? அவள் வேலை பார்க்க வந்தவள்.

குற்றம் பேரனுக்கு வராது. தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் 1946லேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்: குற்றம் செய்தவனைச் சேரும், ஒரு இனத்தையே குற்றவாளியாக்க முடியாது, ஆனால் அரசு செய்ததற்குக் குடிமக்கள் பொறுப்பேற்றே ஆகவேண்டும். அந்தப் பொறுப்பை மேற்கு ஜெர்மன் அரசு ஓரளவு ஏற்றது. 1952இல் லக்சம்பர்க் ஒப்பந்தத்தில் இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் தர ஒத்துக்கொண்டது. 1970இல் வார்சாவில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் நினைவிடத்தில் மண்டியிட்ட மேற்கு ஜெர்மன் பிரதமர் வில்லி பிராண்ட், ஹிட்லரை எதிர்த்து நாட்டைவிட்டே போனவர்.

எனக்கு நெடுநாளாக மனதை அரிப்பது அரசு அல்ல, வீடுகள். ஹரால்ட் வெல்ட்சர் என்ற சமூக உளவியலாளரின் குழு 40 ஜெர்மானியக் குடும்பங்களில் மூன்று தலைமுறையினரிடம் பேசி, 2002இல் புத்தகமாக வெளியிட்டது. அதில் ஒரு பாட்டி, பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதைமுகாமுக்குப் பக்கத்தில் இருந்தவர். போர் முடிந்ததும் முகாமிலிருந்து வந்தவர்களைத் தன் வீட்டில் தங்கவைக்கவேண்டி வந்தது. யூதர்கள் வந்துவிடாதபடி எப்படிச் சாமர்த்தியமாகச் சமாளித்தேன் என்று அவரே சொல்கிறார். பேத்தி சொல்லும்போது, பாட்டி ஆட்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்! பேத்தி பொய் சொல்லவில்லை. பள்ளியில் யூதப் படுகொலையை ஒழுங்காகப் படித்தவள், பாட்டிமேல் பாசம் உள்ளவள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஹாம்பர்கில் நான் தங்கியிருந்த வீட்டில் ஒரு வெள்ளை லினன் மேசைவிரிப்பு இருந்தது. மூலையில் வெள்ளை நூலில் இரண்டு எழுத்துகள். அந்தக் குடும்பத்தில் யாருடைய பெயரும் அந்த எழுத்தில் தொடங்காது. சிறுமியாக இருந்தபோது அது யாருடையது என்று கேட்டாராம் வீட்டுக்கார அம்மா. "பேசாமல் சாப்பிடு" என்றாராம் அவர் தாய். நாடுகடத்தப்பட்ட யூதர்களின் சாமான்கள் அந்த ஊரில் பகிரங்கமாக ஏலம் போயின. கட்டிலும் துணியும் பாத்திரமும் எடுத்துப் போனவர்கள் சாதாரணக் குடித்தனக்காரர்கள். அவர்கள் யாரையும் கொல்லவில்லை. ஆனால் அது யார் வீட்டுச் சாமான் என்று தெரிந்தேதான் வாங்கினார்கள்.

உங்கள் நண்பரை நான் திட்டமாட்டேன், பாவம். ஆனால் அந்தப் பெண்ணின் முன்னால் அவர் காட்டும் மௌனத்தால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. அவர் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி பெர்லினில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பட்டும். நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகளும் ராணுவப் பதிவுகளும் அங்கே இருக்கின்றன. ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் அதை முதலில் தன் அப்பாவிடம் பேசட்டும், அலுவலகத்தில் அல்ல. அந்தப் பெண்ணை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நீங்களும் கூடப் போங்கள்.